பதினாறு தொன் நிலக்கரியும் இருபது இலட்சம் இசைத்தட்டும்



1955 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 17 ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவிலே கப்பிட்டல் என்னும் இசைத்தட்டு நிறுவனம் ஒரு தட்டை வெளியிட்டது. அதன் முதற் பக்கத்தில் இருந்தது காதற் பிரிவைச் சொல்லும் பாட்டு. மறு பக்கத்தில் இருந்ததோ நிலக்கரி வாரும் தொழிலாளி ஒருவன் தன் கடன் கணக்கைச் சொல்லும் பாட்டு. நிறுவனத்தார் விற்க எண்ணியது முதற் பக்கத்தை. மக்கள் வாங்கியது மறு பக்கத்தை. ஏறத்தாழ 24 நாள்களிற் பத்து இலட்சம் தட்டுகள் விற்பனையாயின என்று நிறுவனம் அறிவித்தது. திசெம்பர் நடுப்பகுதியில் அத்தொகை இருபது இலட்சம் ஆயிற்று. அந்நிறுவனம் அதுவரை வெளியிட்ட தட்டுகளுள் எதுவும் அத்துணை விரைவாக விற்றதில்லை.

‘சிக்ஸ்டீன் டன்ஸ்’, அதாவது ‘பதினாறு தொன்’ என்பது அப்பாட்டின் பெயர். பாடியவர் தெனசி ஏர்னி போர்ட். இயற்றியவர் மேர்ல் டிராவிஸ்.

இதிலே வியப்பு யாதெனில், அது புதிய பாட்டன்று. அதே சொற்களோடு, ஏறக்குறைய அதே மெட்டோடு, அதே நிறுவனம் 1947 இல் அதனை இயற்றியவரின் குரலிலேயே வெளியிட்டிருந்தது. அப்பொழுது அதனை வாங்குவார் மிகச் சிலர். எட்டு ஆண்டுகளின் பின் அதே பாட்டு ஒரு தேசத்தின் வாயில் நின்றது. இடையிலே என்ன நேர்ந்தது? பாட்டு மாறவில்லையெனின் மாறியது எது? இன்றைய பேச்சிலே இவ்வினாவைச் சற்று ஆராய விரும்புகின்றேன்.

முதலில் இந்த ‘முதலிடம்’ என்பதைப் பற்றி இரண்டொரு வார்த்தை. அமெரிக்காவில் ‘பில்போர்ட்’ என்றொரு வணிக இதழ் உண்டு. கடைகளில் எத்தட்டு மிகுதியாக விற்கின்றது என்பதை வாரந்தோறும் திரட்டி 1940 முதல் அது வரிசைப்படுத்தி வெளியிடலாயிற்று. 1950களின் நடுவிலே ஒன்றன்று, பல பட்டியல்கள் இருந்தன. கடைகளில் விற்றது ஒரு பட்டியல். வானொலி அறிவிப்பாளர் மிகுதியாக ஒலிபரப்பியது இன்னொன்று. உணவுச் சாலைகளிலும் மதுக்கடைகளிலும் காசு போட்டாற் பாடும் ‘ஜூக் பெட்டி’ இருக்கின்றதே, அதிலே மிகுதியாக ஒலித்தது மற்றொன்று. பொதுமக்கள் இசைக்கு இவை யாவும் ஒரு வரிசை. கன்ட்ரி இசைக்கு இவை யாவும் தனி வரிசை. ஆகவே ஒரு பாட்டு எத்தனை வாரம் முதலிடத்தில் இருந்தது என்று கேட்டால், எந்தப் பட்டியலில் என்று திருப்பிக் கேட்டே விடை கூறல் வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்த ‘நூறு பாட்டுப் பட்டியல்’ 1958 ஆகஸ்டிலேதான் இன்றைய பெயரோடு நிலைபெற்றது.

பாட்டுகளை இவ்வாறு ஏணியில் ஏற்றி இறக்கும் வழக்கம் நம் நேயர்களுக்குப் புதிதன்று. 1952 இல் இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பில் அமீன் சயானி தொடங்கிய ‘பினாக்கா கீத்மாலா’ நிகழ்ச்சி, சில காலத்தின் பின் திரைப்பாட்டுகளை வாரந்தோறும் வரிசைப்படுத்தலாயிற்று. கொழும்பிலிருந்து வந்த அவ்வரிசையை அறிய இந்தியா முழுவதும் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்திருந்தது. பாட்டின் தரத்தை அளப்பதற்கு இது ஏற்ற கோலா என்று சங்கீத வித்துவான்கள் முகஞ் சுளிப்பதுண்டு. ஏற்ற கோல் அன்றுதான். ஆயினும் ஒரு மக்கட் கூட்டத்தின் காது ஒரு குறித்த வாரத்தில் எங்கே சாய்ந்திருந்தது என்பதை அறிய இதைவிட வேறு சான்று பெரும்பாலும் நமக்குக் கிடைப்பதில்லை.

‘கன்ட்ரி’ இசை என்பது அமெரிக்கத் தென் மாநிலங்களின் மலைப் புறங்களிலும் பண்ணைகளிலும் வாழ்ந்த எளிய வெள்ளையரின் பாட்டிலிருந்து வளர்ந்தது. கறுப்பின மக்களின் புளூஸ் இசைக்கும் அது பெரிதும் கடன்பட்டது. நகரத்தார் அதனை மலைநாட்டுப் பட்டிக்காட்டான் பாட்டு என்று ஏளனஞ் செய்தனர். 1949 இலேதான் பில்போர்ட் இதழ் ‘கன்ட்ரி அன்ட் வெஸ்டர்ன்’ என்ற கௌரவமான பெயரைத் தன் பட்டியலுக்குச் சூட்டியது. இந்த வேலியைத் தாண்டிப் பொதுப் பட்டியலின் உச்சிக்குச் செல்வது எளிதன்று என்பதை மனத்திற் கொள்ளுங்கள்.

இனிப் பாட்டுப் பிறந்த இடத்துக்கு வருவோம். கென்டக்கி மாநிலத்தின் மேற்குப் பகுதியில் மூலன்பேர்க் என்னும் மாவட்டம் உண்டு. அங்கே நிலத்தின் கீழே நிலக்கரி. மேர்ல் டிராவிஸ் 1917 இல் அங்கே பிறந்தார். தந்தையார் புகையிலை பயிரிட்டுப் பின் சுரங்கத் தொழிலுக்குச் சென்றவர். கிதார் வாத்தியத்தின் தடித்த தந்திகளைப் பெருவிரலால் தாளமாக மீட்டிக்கொண்டே மற்ற விரலால் மெட்டை வாசிக்கும் வித்தை அம்மாவட்டத்துச் சுரங்கத் தொழிலாளரிடையே வழங்கியது. அவ்வித்தையை டிராவிஸ் கற்றதும் மோஸ் ரேகர், ஐக் எவர்லி என்னும் இரு சுரங்கத் தொழிலாளரிடமே. இன்று உலகெங்கும் கிதார் பயிலும் இளைஞர் அதனை ‘டிராவிஸ் மீட்டல்’ என்றே அழைக்கின்றனர்.

சுரங்கத் தொழிலாளிக்கு அக்காலத்திற் கூலி நாளுக்கு அன்று, தொன்னுக்கு. பாறையிலே துளையிட்டு, வெடி வைத்து, உடைந்த கரியைச் சவளால் வாரி வண்டியில் ஏற்றி, வண்டியிலே தன் எண் பொறித்த தகடொன்றை மாட்டி அனுப்புவான். மேலே நிறுப்பவர் நிறுத்து அவன் பெயரிற் பதிவார். நிறுப்பவரோ முதலாளியின் ஆள். நிறுவையில் ஏமாற்றுண்டோம் என்ற குறை ஓயாத குறையாய் இருந்தபடியால், தமக்கென ஒரு நிறுவைக் கண்காணிப்பாளர் வேண்டும் என்பது தொழிற்சங்கங்களின் முதற் கோரிக்கைகளுள் ஒன்றாயிற்று. கூரை இடிந்து விழாமல் மரத்தூண் நாட்டுவதற்கும், விழுந்த கல்லை அகற்றுவதற்கும், தேங்கிய நீரை இறைப்பதற்கும் பெரும்பாலும் கூலியே இல்லை. ‘செத்த வேலை’ என்று அதற்குப் பெயர். பெயரிட்டவன் நகைச்சுவையாக இட்டானா, கசப்பால் இட்டானா என்று நான் அறியேன், இரண்டுமாய் இருக்கலாம்.

அமெரிக்கத் தொன் ஒன்று 2,000 இறாத்தல். பதினாறு தொன் என்றால் 32,000 இறாத்தல். நம் இன்றைய கணக்கிற் பதினாலாயிரத்து ஐந்நூறு கிலோவுக்குச் சற்று மேல். குனிந்தபடியே, சில சுரங்கங்களில் முழந்தாளிட்டபடியே, ஒருவன் தன் தோள் வலிமையால் அவ்வளவையும் ஒரே நாளில் ஏற்றுவதென்பது சாதாரண மனிதனின் செயலன்று. பாட்டிலே வரும் ஆள் அதனை ஏற்றியதாகச் சொல்கின்றான். அவன் பெருமை பேசுகின்றானா, பொறுமுகின்றானா என்று கேட்பவர் திகைக்கும்படி அமைந்திருப்பதே அப்பாட்டின் முதற் சிறப்பு.

இந்த உழைப்புக்குக் கிடைத்த கூலி எங்கே சென்றது? தொழிலாளி குடியிருந்த வீடு கம்பனியின் வீடு. வைத்தியர் கம்பனியின் வைத்தியர். அவன் வாங்கும் சவளும் வெடிமருந்தும் விளக்கும் அவன் செலவில், கம்பனிக் கடையில். சம்பள நாள் வருமுன் மாவும் உப்பும் வேண்டுமெனின், கம்பனி தன் பெயர் பொறித்த உலோக வில்லைகளை முன்பணமாகக் கொடுக்கும். அவ்வில்லை கம்பனிக் கடையிலேதான் செல்லும். வெளியிலே காசாக்க முயன்றால் முகப் பெறுமதிக்குக் குறைத்தே எடுப்பர். கடையின் விலையோ பக்கத்துப் பட்டணத்து விலையைவிடப் பல இடங்களில் உயர்ந்தது. சம்பள நாளன்று கழிவெல்லாம் கழித்துப் பார்த்தால், உறையிலே காசில்லை. ஏட்டிலே கடன் இருக்கும். இங்கிலாந்து கூலியைப் பண்டமாகக் கொடுப்பதை 1831 ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் பல தொழில்களில் தடைசெய்தது. அமெரிக்காவின் சுரங்க நகரங்களில் அது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை உயிரோடிருந்தது.

நம் மலைநாட்டு நேயர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை என்று எண்ணுகின்றேன். கங்காணியிடம் பெற்ற முற்பணத்தோடு தொடங்கிய வாழ்வும், ஏட்டிற் பதிந்து சம்பளத்திற் கழிக்கப்பட்ட அரிசியும், கடன் தொகை எழுதிய ‘துண்டு’ இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குச் செல்ல இயலாமையும் நம் நாட்டு வரலாற்றின் பகுதிகள். அத்துண்டு முறை 1921 இற் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. கரியும் தேயிலையும் வேறு வேறு, கணக்கேடு ஒன்றே.

டிராவிஸ் இப்பாட்டின் மையக் கருத்தைத் தாம் கற்பனை செய்ததாக ஒருபோதும் சொன்னதில்லை. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1945 ஏப்ரலில், எர்ணி பைல் என்னும் புகழ்பெற்ற போர்ச் செய்தியாளர் பசிபிக் தீவொன்றிற் கொல்லப்பட்டார். அச்செய்தி பற்றித் தமையனார் ஜோன் எழுதிய கடிதத்திலே, இவ்வுலக வாழ்வைக் கரி வாரும் தொழிலோடு ஒப்பிட்டு, எவ்வளவு வாரினும் மிஞ்சுவது முதுமையும் கடனுமே என்னும் பொருள்பட ஒரு வசனம் இருந்தது. தந்தையாரோ, எவராவது நலம் விசாரித்தால், தமக்கு இறப்பதற்கும் வசதியில்லை, தம்மைக் கம்பனிக் கடைக்கு ஈடு வைத்தாயிற்று என்னும் கருத்தில் விடையிறுப்பாராம். தமையனின் கடிதமும் தந்தையின் விடையும் சேர்ந்து பாட்டின் பல்லவியாயின. இடையிலே வரும் முரட்டுச் சரணங்கள் மட்டுமே டிராவிஸின் கைவேலை.

அதனை எழுதிய சந்தர்ப்பமும் வேடிக்கையானது. 1946 இல் டிராவிஸ் கலிபோர்னியாவில் வாத்தியக்காரராக இருந்தார். நாட்டுப் பாடல்கள் அப்பொழுது நகரத்தில் விலை போகத் தொடங்கியிருந்தன. கப்பிட்டல் நிறுவனத்தார் அவரை அழைத்து, நாட்டுப் பாடல்கள் கொண்ட தொகுதியொன்று பாடித் தருமாறு கேட்டனர். தமக்குத் தெரிந்தவற்றையெல்லாம் பிறர் முன்னரே பாடிவிட்டனரே என்று அவர் சொல்ல, அப்படியானால் நீரே சில எழுதும் என்றார்களாம். நாட்டுப் பாடலை ஒருவர் உட்கார்ந்து எழுதுவதா என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் அவ்வாறு எழுதிய சிலவற்றுள் ‘பதினாறு தொன்’ ஒன்று. சுரங்கத்தின் இருளைப் பாடும் ‘டார்க் ஆஸ் எ டன்ஜன்’ மற்றொன்று. சுரங்கத் தொழிலாளர் இரண்டையுமே தங்கள் சொந்தப் பாட்டாக ஏற்றுக்கொண்டனர் என்பதே அவை மெய்யானவை என்பதற்குச் சான்று.

1946 ஆகஸ்டிற் பதிவான அத்தொகுதி அடுத்த ஆண்டு வெளிவந்தது. ஒரு குரல், ஒரு கிதார். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னே டிராவிஸ் நின்று விளக்கம் சொல்கிறார்: கம்பனிக் கடை என்பது இப்படிப்பட்டது, எங்கள் ஊர் இப்படிப்பட்டது என்று. குரல் இனிமையானது, மீட்டலோ துள்ளலானது. கேட்டால் ஒரு கெட்டிக்கார மனிதர் வாசற் படியில் அமர்ந்து ஊர்க்கதை சொல்வது போல இருக்கும். அது விற்கவில்லை. அன்றியும் காலம் பாதகமாக இருந்தது. பனிப்போர் தொடங்கிய அக்காலத்தில் தொழிலாளியின் கடனைப் பற்றிப் பாடுவோரைச் சந்தேகக் கண்கொண்டு நோக்குவது வழக்கமாயிற்று. அப்பொழுது சிக்காகோவில் வானொலிப் பணியிலிருந்த கென் நெல்சன், டிராவிஸின் தட்டுகளை ஒலிபரப்பாதிருக்குமாறு அரச புலனாய்வாளர் தம் நிலையத்துக்கு அறிவுறுத்தினர் எனப் பின்னாளில் நினைவு கூர்ந்திருக்கின்றார். டிராவிஸ் அரசியல்வாதியல்லர். தந்தையார் சொன்னதைப் பாடினார், அவ்வளவே.

இனி ஏர்னி போர்ட். அவர் 1919 இல் தெனசி மாநிலத்து பிரிஸ்டல் என்னும் ஊரிற் பிறந்தார். தெனசிக்கும் வேர்ஜினியாவுக்கும் இடையிலான எல்லை அவ்வூரின் பெருந்தெரு நடுவே ஓடுகின்றது. கார்ட்டர் குடும்பத்தாரையும் ஜிம்மி ரொஜர்சையும் 1927 இல் முதன்முறை இசைத்தட்டிற் பதிந்த ஊரும் அதுவே. போர்ட் முதலில் உள்ளூர் வானொலியில் அறிவிப்பாளர்; பின் சின்சினாட்டி இசைக் கல்லூரியில் முறையான குரற் பயிற்சி பெற்றவர்; போர்க்காலத்தில் விமானப் படையிற் பணி புரிந்தவர். போர் முடிந்ததும் கலிபோர்னிய வானொலிகளிலே, பட்டிக்காட்டு வேடம் போட்டு நையாண்டி பேசும் ‘தெனசி ஏர்னி’ என்னும் பாத்திரமானார். மேலைச் சங்கீதம் கற்ற கனத்த குரல் ஒருபுறம், மலைநாட்டுப் பேச்சுவழக்கு மறுபுறம். இவ்விரண்டையும் ஒரே தொண்டையில் வைத்திருந்தவர் அவரையன்றி அக்காலத்தில் அதிகமில்லை.

1955 சனவரி முதல் அவர் தேசியத் தொலைக்காட்சியில் வாரத்தில் ஐந்து நாளும் பகல் நிகழ்ச்சி நடத்தினார். அவ்வேலையிலே மூழ்கியதால் இசைத்தட்டுக்குப் பாடத் தவறினார்; ஒப்பந்தப்படி பாடவேண்டிய பாட்டுகள் பாக்கியாய் நின்றன. நிறுவனம் நினைவூட்டியது. கடனைப் பற்றிய பாட்டொன்று, பாடகர் நிறுவனத்துக்குப் பட்ட பாக்கியைத் தீர்ப்பதற்காகப் பதிவாயிற்று என்பதை நான் சோடித்துச் சொல்லவில்லை, நடந்தது அதுதான். அப்பாட்டை அவர் முன்னரே தம் நிகழ்ச்சியிற் பாடி, நேயர்கள் கடிதம் எழுதியிருந்தார்கள். இந்தியானா மாநிலக் கண்காட்சியிற் பாடியபோதும் பெருங்கூட்டம் ஆரவாரித்தது. ஆகவே செப்ரெம்பர் மாதத்தில் ஹொலிவூட் பதிவறையில் இரு பாட்டுகளுள் ஒன்றாக இதனையும் எடுத்துக்கொண்டார்.

அப்பதிவைக் கேட்பீர்களானால், கன்ட்ரி இசைக்குரிய பிடிலோ, வழுக்கு கிதாரோ அதில் இல்லை என்பதைக் காண்பீர்கள். ஜாக் பசினாட்டோ நடத்திய சிறிய குழு. கிளாரினெட் குழல் இருண்ட சுருதியிற் சில படிகள் இறங்குகின்றது. எக்காளம் வாயடைத்து முனகுகின்றது. பின்னணி பெரும்பாலும் வெறுமை. அவ்வெறுமையின் நடுவே விரலைச் சொடுக்கும் ஓசை மட்டும் கடிகாரம் போல விழுந்துகொண்டிருக்கின்றது. இவ்வோசை எவரும் திட்டமிட்டதன்று என்பர். ஒத்திகையின்போது குழுவினர்க்குத் தாளக் கதியைக் காட்டுவதற்காகப் போர்ட் விரலைச் சொடுக்கினாராம். கண்ணாடிக்கு அப்பால் இருந்த தயாரிப்பாளர் லீ ஜிலெட், அதனை நிறுத்தவேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றாராம். எத்தனையோ ஆயிரம் டொலர் செலவிட்டுப் பெறவியலாத ஓர் உறுப்பு இவ்வாறு இரண்டு விரலிலிருந்து பிறந்தது.

மூலப் பதிவுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையே இன்றைய பேச்சின் உயிர்நிலை என்பேன். டிராவிஸ் விளக்கினார், போர்ட் விளக்கவில்லை. கம்பனிக் கடை என்றால் என்ன என்று அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் நேரே பாட்டுக்குள் இறங்குகின்றார். டிராவிஸ் தம் ஊரைப் பற்றிப் பாடினார். போர்ட் பாடும்போது ஊர் மறைந்து ஆள் மட்டும் நிற்கின்றான். இரங்கத்தக்கவனாக அன்று, இரங்குவோரை அண்டவிடாதவனாக நிற்கின்றான். இறுதி அடியிலே போர்ட் வேகத்தைத் தளர்த்தி, தொண்டையின் அடியாழம் வரை இறங்கி நிறுத்துகின்றார். கேட்பவன் உள்ளத்திலே அது ஒரு கதவு அடைபடுவது போல் விழுகின்றது.

வானொலி அறிவிப்பாளர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். நிறுவனம் முன்வைத்த பக்கத்தை விட்டு மறு பக்கத்தை நேயர்கள் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். நவம்பர் 26 ஆந் திகதியிட்ட பில்போர்ட் இதழிலே கடை விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை அது அடைந்து அங்கே ஏழு வாரம் இருந்தது. பிற பொதுப் பட்டியல்களில் எண்ணினால் எட்டு வாரம் வரை வரும். கன்ட்ரிப் பட்டியலிலோ பத்து வாரம். 1956 சனவரியில் அதனை இறக்கியது டீன் மார்ட்டின் பாடிய காதற் பாட்டொன்று. அதுவும் கப்பிட்டல் தட்டே. பிரித்தானியாவில் சனவரி 20 முதல் நான்கு வாரம் முதலிடம். அங்கே அதற்கு வழிவிட்டது பில் ஹேலியின் ‘ரொக் அரவுண்ட் த குளொக்’. ஒரு செய்தியையும் சேர்த்துச் சொல்லவேண்டும்: ‘பதினாறு தொன்’ உச்சிக்கு ஏறிய அதே நவம்பரில், 21 ஆந் திகதி, எல்விஸ் பிரெஸ்லி என்னும் இருபது வயது இளைஞரின் ஒப்பந்தத்தை ஆர்.சீ.ஏ. நிறுவனம் 35,000 டொலருக்கு வாங்கியது. இளைஞர் இசை வெள்ளம் மடை திறக்குமுன், குடும்பஸ்தர்கள் வாங்கிக் கொண்டாடிய கடைசித் தட்டுகளுள் இது ஒன்று எனலாம்.

குடும்பஸ்தர்கள் என்று காரணத்தோடு சொன்னேன். 1955 இல் அமெரிக்காவிற் கம்பனிக் கடை மறைந்துகொண்டிருந்தது. 1950 ஆம் ஆண்டு நிலக்கரித் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜோன் எல். லூயிஸ் முதலாளிமாரோடு செய்த உடன்படிக்கையின் பின், இயந்திரங்கள் சவளை வெகுவாக அகற்றின. கூலி உயர்ந்தது, ஆள் குறைந்தது. கையால் பதினாறு தொன் ஏற்றும் மனிதனே அருகிவிட்ட காலத்தில் அவனைப் பற்றிய பாட்டை இருபது இலட்சம் பேர் ஏன் வாங்கினார்கள்? அவர்களிற் பெரும்பாலோர் சுரங்கத்தைக் கண்டவரல்லர். ஆனால் வீடு தவணைக்கு, மோட்டார் வாகனம் தவணைக்கு, குளிர்ப்பெட்டி தவணைக்கு, அந்தப் பாட்டைக் கேட்ட தொலைக்காட்சிப் பெட்டியும் பல வீடுகளில் தவணைக்கு. சம்பளம் வரும் முன்பே அதற்குப் பங்காளிகள் வந்துவிட்டனர். வயிற்றுக்கில்லாமற் பட்ட கடனும் வசதிக்காகப் பட்ட கடனும் ஒன்றல்ல. அதனை ஒன்றென்று சொல்வது கென்டக்கித் தொழிலாளிக்குச் செய்யும் அநீதி. எனினும் வெள்ளிக்கிழமை மாலை உறையைத் திறந்து எண்ணும் மனிதனுக்கு அந்த விரற் சொடுக்கு தன் மேசை மேலேயே கேட்டிருக்கும். 1947 இல் அப்பாட்டு ஒரு மாவட்டத்தின் செய்தி. 1955 இல் அது ஒவ்வொரு வீட்டின் முணுமுணுப்பு. இது என் கருத்து. நல்ல வாத்திய அமைப்பும் தொலைக்காட்சியின் துணையுமே வெற்றிக்குக் காரணம் என்பாரும் உளர். அவை இல்லாமல் நடந்திராது என்பதை ஒப்புக்கொள்வேன். அவை மட்டும் போதுமாயிருந்தால், அவ்வாண்டு நல்ல அமைப்போடும் தொலைக்காட்சித் துணையோடும் வந்த எத்தனையோ பாட்டுகள் ஏன் மறக்கப்பட்டன?

வருமானத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அமெரிக்காவின் 1909 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஒரு தட்டில் ஒரு பாட்டுக்கு இரண்டு சதம் என்று வகுத்திருந்தது. 1978 வரை அவ்வீதமே இருந்தது. அதனை இயற்றியவரும் வெளியீட்டாளரும் பாதி பாதியாகப் பகிர்வது வழக்கம். அவ்வாறாயின் இருபது இலட்சம் தட்டுக்கு 40,000 டொலர். பாதி 20,000 டொலர். வானொலியில் ஒலிக்குந்தோறும் வருவது வேறு. தந்தையார் வாழ்நாள் முழுதும் வாரிய கரி ஈட்டித் தராததை, அவர் நொந்து சொன்ன ஒரு வாசகம் ஈட்டித் தந்தது.

இங்கே ஓர் உரிமைக் குரலையும் குறிப்பிடுதல் நேர்மை. கென்டக்கியின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த ஜோர்ஜ் டேவிஸ் என்னும் சுரங்கத் தொழிலாளரும் பாடகருமானவர், தாம் 1930களில் இயற்றிய பாட்டொன்றே இதன் மூலம் என்றார். பாட்டுரிமை சட்டப்படி டிராவிஸுக்கே உரியதாய் நிலைத்தது. இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் டிராவிஸின் பக்கமே சாய்கின்றனர். நாட்டுப் பாடல் போன்ற ஒன்றை எழுதியவர்க்கு இத்தகைய வழக்கு வருவது இயல்பு. ஒரே சுரங்கம், ஒரே கடை, ஒரே கடன். இருவர் ஒரே சொல்லைக் கண்டெடுத்திருத்தலும் கூடும்.

பின்னர் நடந்தவற்றைச் சுருங்கச் சொல்வேன். போர்ட் 1956 முதல் 1961 வரை இரவு நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தினார். நிகழ்ச்சிக்கு விளம்பரதாரர் போர்ட் மோட்டார் கம்பனி. பெயர் ஒற்றுமை தற்செயலானது. பெரும்பாலும் கிறித்தவப் பக்திப் பாடல்களிலேயே பின்னாளில் அவர் மனம் சென்றது. 1991 ஒக்டோபர் 17 ஆந் திகதி அவர் காலமானார். தட்டு வெளிவந்து அன்றோடு சரியாக முப்பத்தாறு ஆண்டுகள். அவர் பதிவை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேசத்தின் பாதுகாக்கத்தக்க ஒலிப்பதிவுகளின் 2014 ஆம் ஆண்டு வரிசையிற் சேர்த்துக்கொண்டது. வேறொன்றும் நடந்தது. 2005 இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் தன் நிலக்கரித் தொழில்நுட்பத்தை விளம்பரப்படுத்த இப்பாட்டையே எடுத்துக்கொண்டது. திரையிலே கரி வாரியவர்கள் ஒப்பனை செய்த அழகிய இளைஞரும் யுவதிகளும். பாட்டின் சொல்லைக் கேட்டபின்னும் அவ்விளம்பரத்தை வகுத்தவர்கள் எதை நினைத்தார்களோ, நான் அறியேன்.

டிராவிஸ் 1983 வரை வாழ்ந்தார். கன்ட்ரி இசைப் பெரியோர் மண்டபத்தில் 1977 இல் அவரைச் சேர்த்துக் கௌரவித்தார்கள். போர்டுக்கு அக்கௌரவம் 1990 இலேதான் கிட்டியது. தட்டு விற்ற காலத்தின் பின் டிராவிஸ் மேடையேறி இப்பாட்டைப் பாடும்போதெல்லாம் அவையோர் ஒன்றைக் காத்திருந்து கேட்பது வழக்கமாயிற்று. இறுதி அடியிலே தம்மை யாருக்கு ஈடு வைத்தார் என்று சொல்லுமிடம் வரும்போது, கம்பனிக் கடையை எடுத்துவிட்டு, அவ்விடத்திலே தெனசி ஏர்னி போர்ட் என்னும் பெயரை வைத்துப் பாடுவார். அவை சிரிக்கும், அவரும் சிரித்துக்கொண்டே, பெருவிரலால் கடைசித் தந்தியை ஒருமுறை தட்டி நிறுத்துவார்.